போடாத விண்ணப்பம்

“எட்டாத கனி அம்மா அது! அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவானேன்?” என்றார் முதலாமவர்.

“நாலாமிடத்தில் சனி உட்கார்ந்திருக்கிறான். பெரிய படிப்புக்கு வழியில்லை” என்றார் இரண்டாமவர்.

“எதிர்த்து ஒழிக்க வேண்டிய தேர்வை எழுதுவதா? விண்ணப்பம் போடுவதே சரணாகதி!” என்றார் மூன்றாமவர்.

முதலாமவர் என்னோடு பணியாற்றும் ஆசிரியர். இரண்டாமவர் ஊர்ச் சோதிடர். மூன்றாமவர் — சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனினும் சொல்லித்தான் ஆகவேண்டும் — நம்மவர், கறுப்புச் சட்டைக்காரர், மேடையேறினால் மணிக்கணக்கில் பகுத்தறிவு பேசவல்ல இளைஞர். ஒருவர் முகத்தை மற்றவர் பாராத இந்த மூவரும், ஒரு வாரத்துக்குள், ஒரே பெண்ணுக்கு, ஒரே தீர்ப்பை வழங்கினர்: போடாதே!

தீர்ப்புக்கு ஆளானவள் பதினேழு வயதுப் பெண். நான் பணியாற்றும் அரசினர் பெண்கள் மேனிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. பத்தாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். தந்தை கரும்பு வெட்டும் கூலி. தாய்க்கு நூறு நாள் வேலை. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு — ‘நீட்’ என்று நாடறிந்த அந்தத் தேர்வுக்கு — விண்ணப்பிக்கும் கெடு ஓடிக்கொண்டிருந்தபோது, பள்ளித் தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “டீச்சர், போடட்டுமா, வேண்டாமா?”

மருத்துவராக விரும்புகிறாயா என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே அவள் தம்பி காய்ச்சல் கண்டு, இருபது கல் தொலைவு வண்டி தேடிப் போவதற்குள் உயிர் போன கதையை நான் அறிவேன். விருப்பத்தில் ஐயமில்லை. விண்ணப்பத்தில்தான் ஐயம்! விந்தையன்றோ இது?

முதலாமவரை முதலில் பார்ப்போம். அவர் கெட்டவரல்லர். கணக்குச் சொன்னார். “இருபத்திரண்டு இலட்சம் பேர் எழுதுகிறார்கள். நாடு முழுவதும் இடம் ஒரு இலட்சத்துச் சொச்சம். பெருநகரத்துப் பிள்ளை இரண்டாண்டு, மூன்றாண்டு பயிற்சி நிலையத்திலே பழம் தின்று கொட்டை போட்டுவிட்டு வந்து உட்காருகிறது. இவள் எங்கே, அது எங்கே?” என்றார். கணக்கு மெய்தான், ஆனால் தப்பான கணக்கு. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டம் ஒன்று செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்த இடங்களுக்குத் தனிப் பட்டியல். அதில் இவள் போட்டியிட வேண்டியது பெருநகரத்துப் பிள்ளையோடு அன்று. இவளைப் போலவே ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து படித்த இன்னோர் அரசுப் பள்ளிப் பிள்ளையோடு. தேர்வின் தகுதி எல்லையைத் தாண்டினால் போதும், அந்தப் பட்டியலில் பெயர் ஏறும். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும். இவ்வளவும் அச்சடித்த ஆணையில் இருக்கிறது. ஆசிரியருக்கு இது தெரியாதா? தெரியும். அந்த ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ்ப் படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடந்தது. ஆயினும் எட்டாத கனி என்றார். அவருடைய மகன் தனியார் பள்ளியில் படித்து, அதே தேர்வை இரண்டாம் முறை எழுதக் காத்திருந்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எட்டாத கனிக்கு ஏணி ஒன்று அவர் வீட்டுக் கொல்லையிலேயே சார்த்தி வைக்கப்பட்டிருந்தது!

சோதிடரைப் பற்றி இவ்வேட்டின் வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவளது பிறந்த நேரத்தை மருத்துவமனைச் சீட்டில் ஒருவிதமாகவும் பாட்டி வாயில் ஒருவிதமாகவும் குறித்து வைத்திருந்தார்கள். சனி எந்த நேரத்தை நம்பி உட்கார்ந்தானோ!

மூன்றாமவரிடம் வருகிறேன். அவரோடுதான் எனக்கு வழக்கு.

தேர்வைத் தாங்கிப் பேசுகிறேன் என்று எவரும் எண்ணற்க. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984-ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. அது நகரத்தாருக்கே நன்மை செய்கிறது என்று கண்டு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை ஒழித்தோம். ஒழித்த பத்தாண்டுக்குள் வேறு வாயிலால் மீண்டும் நுழைந்தது. 2017-ஆம் ஆண்டு, 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை; அந்தப் பெண்ணை நாம் இழந்தோம். நீதியரசர் ஏ. கே. இராசன் குழு 2021-ஆம் ஆண்டு ஆராய்ந்து சொன்னது என்ன? 2016-17-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோருள், மறுமுறை முயன்று வந்தவர் 12.47 விழுக்காடு, 2020-21-ஆம் ஆண்டில் 71.42 விழுக்காடு! அதாவது, ஓராண்டை வீட்டிலிருந்து செலவழிக்கவும், அந்த ஓராண்டுக்குப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவும் வல்லவர் வீட்டுப் பிள்ளைக்கு வழி அகலமாயிற்று. பள்ளியிலிருந்து நேரே வருபவனுக்கு ஒடுங்கிற்று. 2024-ஆம் ஆண்டு வினாத்தாள் பாட்னாவிலும் அசாரிபாக்கிலும் கசிந்தது என்பதை உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. மறுதேர்வு மட்டும் தேவையில்லை என்றது. ‘தகுதி, தகுதி’ என்று தொண்டை கிழியக் கூவினோரே, முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்றதும், 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தகுதி எல்லையைச் சுழியத்துக்கு இறக்கி வைத்தனர். எழுதியவரெல்லாம் தகுதியுடையோர்! தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாநிலத்து இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். மாட்டுக்கு ஊசி போடப் போதுமான மதிப்பெண், மனிதனுக்குப் போடப் போதாது என்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இத்தனையையும் என் தோழர் என்னைவிட நன்றாகப் பேசுவார். பேசுகிறார். பேசிவிட்டு, ‘ஆகையால்’ என்று ஒரு சொல்லைப் போட்டு, அதன் பின்னே ‘நீ விண்ணப்பம் போடாதே’ என்று அந்தப் பெண்ணிடம் முடிக்கிறாரே, அந்த ‘ஆகையால்’தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“தோழர், எல்லாரும் மறுத்துவிட்டால் தேர்வு தானே செத்துப்போகுமல்லவா?” என்றார்.

“எல்லாரும் என்றால் யார் யார்?” என்று கேட்டேன்.

விடையில்லை. எப்படி இருக்கும்? பயிற்சி நிலையத்தில் இலட்சம் கட்டியவர் மறுப்பாரா? மருத்துவர் வீட்டு மருத்துவப் பிள்ளை மறுக்குமா? மறுக்கக்கூடியவள் அந்தத் தாழ்வாரத்துத் தூணருகே நின்றவள் ஒருத்திதான். அவள் மறுத்தால் தேர்வு சாகாது. 22 இலட்சத்தில் ஒன்று குறையும். குறைந்ததைக் கூட எவரும் அறியார். 7.5 விழுக்காட்டுப் பட்டியலில் ஓர் எதிர்ப்புக் கொடி பறக்காது. ஒரு பெயர் இல்லாமற் போகும், அவ்வளவே. தேர்வறைக்குள் போகாத பிள்ளையைக் கண்டு தேர்வு நடத்துவோர் அஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வரலாறு கற்பிப்பவள் என்பதால் ஒன்று நினைவுக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரசு, அரசாங்கப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டுப் படிப்படியாக வெளியேறுங்கள் என்று தீர்மானித்தது. நோக்கம் சிறியதன்று, அயலார் ஆட்சியை அசைக்கும் நோக்கம். எனினும் நீதிக்கட்சியார் அந்த வழியை ஏற்கவில்லை. ஏன்? பாட்டன் பட்டதாரி, தந்தை வழக்கறிஞர் என்ற வீட்டுப் பிள்ளை ஓராண்டு கல்லூரியைத் துறந்தால் அது தியாகம். பாட்டன் கைநாட்டு, தந்தை கைநாட்டு என்ற வீட்டுப் பிள்ளை துறந்தால் அதற்குத் தியாகம் என்று பெயரில்லை. பழைய நிலை என்று பெயர். அவர்கள் தேர்தலில் நின்றார்கள், ஆட்சியில் அமர்ந்தார்கள், 1921-ஆம் ஆண்டு அரசுப் பணிகளுக்கான வகுப்புரிமை ஆணையைப் பிறப்பித்தார்கள். உள்ளே போய்க்கொண்டே கதவைப் பெரிதாக்கும் வேலை அது. நம் தோழர் நீதிக்கட்சியின் வரலாற்றைப் பேசுவார். அன்று அக்கட்சி மறுத்துத் தள்ளிய வழியை இந்தப் பெண்ணுக்குக் காட்டுவார்!

இன்னொரு வரலாறு. இதைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்தேன்.

1950-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். வகுப்புரிமை ஆணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது. அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை பறிபோகிறது என்பது முறையீடு. அன்று சென்னை மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்களே. பதினான்கு இடங்களுக்கு ஒரு வட்டம் என்று கொண்டு, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவர் — ஆங்கிலோ இந்தியருக்கு 1, முசுலிம்களுக்கு 1 என்று பகிர்ந்தது அந்த ஆணை. உயர்நீதிமன்றம் அம்மையார் பக்கம் தீர்ப்பளித்தது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. சூன் திங்களில் அரசியல் சட்டமே முதன்முதலாகத் திருத்தப்பட்டது. 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை, கூட்டந்தோறும் சொல்கிறோம்.

நாம் சொல்லாமல் விடும் வரி ஒன்று அந்தத் தீர்ப்பிலே இருக்கிறது. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதாகவே தெரியவில்லை என்று உச்சநீதிமன்றம் குறித்திருக்கிறது! விசாரித்தாராம், தம் வகுப்பின் காரணமாக இடம் கிடைக்காது என்று அறிந்தாராம், நேரே நீதிமன்றம் சென்றாராம். விண்ணப்பமே போடாதவர் வழக்கு எப்படிச் செல்லும் என்று மாநில அரசும் தடை எழுப்பவில்லையாம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1950-ஆம் ஆண்டில் ஒரு பெண் விசாரித்தார், இடம் கிடைக்காது என்றார்கள், விண்ணப்பம் போடவில்லை. 2025-ஆம் ஆண்டில் ஒரு பெண் விசாரித்தாள். இடம் கிடைக்காது என்றார்கள். விண்ணப்பம் போடாமலிருக்க எண்ணினாள். கேள்வி ஒன்று, விடை ஒன்று. அவரோ, ‘எனக்குரிய இடத்தை எனக்கு இல்லை என்பதா?’ என்று நீதிமன்றப் படியேறினார். இவளோ, ‘நமக்கு எதற்கு டீச்சர்’ என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மையார் மேல் எனக்கு வெறுப்பில்லை. விண்ணப்பத் தாளைத் தொடாமலே இடம் தம்முடையது என்று உறுதியாக நம்பினாரே, அந்த நம்பிக்கை எத்தனை தலைமுறைச் சொத்து என்று எண்ணி மலைக்கிறேன். எங்கள் பள்ளிப் பெண்ணுக்கு அந்தச் சொத்தில் ஒரு காணியும் எழுதி வைக்கப்படவில்லை. அவளிடம் போய், போடாதே என்று நம்மவரே சொல்வதா?

அந்தத் தீர்ப்புக்கும் அரை நூற்றாண்டு முன்னே புதுக்கோட்டையில் ஒரு பெண் இருந்தார். ஆண்களே படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார். பெண் என்று எதிர்த்தார்கள். தாய் பிறந்த குலத்தைச் சுட்டி எதிர்த்தார்கள். மன்னர் அனுமதித்தார். 1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார்தாம் அவர். எதிர்ப்பு வருமென்று அவருக்குத் தெரியாதா? மறுப்பதானால் அவர்களே மறுக்கட்டும், அந்த வேலையையும் அவர்களுக்காக நாம் ஏன் செய்துகொடுக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார் போலும்.

எனக்கு இவ்வளவு சூடு ஏன் என்று கேட்கலாம். நானும் போடாத விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. கலைக்கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் முடிக்கும் ஆண்டு, வடக்கே பெயர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்க ஆசை. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். என் பேராசிரியர் ஒருவர் முதல்நாள் சொன்னது காதில் ஒலித்தது: “அங்கெல்லாம் வாய் திறந்தால் ஆங்கிலம் கொட்டும் அம்மா. நீ போய் ஊமையாக உட்காரவா?” கட்டணம் செலுத்தும் பக்கம் வந்ததும் எழுந்துவிட்டேன். கடைக்காரருக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். என்னை எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை, கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு எனக்கு விடையில்லை. ஆசிரியப் பணியை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் அந்த இருபது ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். எதையும் விற்று, எதையும் அடகு வைத்து, எத்தனை ஆண்டானாலும் முட்டி மோது என்று நான் சொல்லவில்லை. முதன்முறை எழுத ஆவது என்ன? 2025-ஆம் ஆண்டுக் கட்டணம் பட்டியல் வகுப்பாருக்கு 1000 ரூபாய், பிற்படுத்தப்பட்டோருக்கு 1600 ரூபாய், மே மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகல். அந்த விலைக்கு அஞ்சாதே என்கிறேன். இரண்டாம் ஆண்டு, வீட்டிலிருந்த பசுவை விற்றுப் பயிற்சி நிலையத்தில் கட்டுவது வேறு வழக்கு. அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்குத் துணிவு உண்டு, சொல்லியும் இருக்கிறேன். சட்டமன்றம் 2021-ஆம் ஆண்டு நிறைவேற்றிய விலக்கு முன்வரைவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். தேர்வு ஒழியும்வரை காத்திரு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், பதினேழு வயது காத்து நிற்குமா?

விண்ணப்பம் போட்டாள். ஆதாரில் தந்தை பெயர் ஒருவிதம், சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்துக் குறைவு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு நடை. ஆயிரம் ரூபாயைத் தந்தை நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தார். மே 4-ஆம் நாள் தமிழிலேயே எழுதினாள். கூடவே செவிலியர் படிப்புக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பங்கள் போட வைத்தேன்.

முடிவைக் கேட்பீர்கள். தகுதி எல்லையைத் தாண்டினாள். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விண்ணப்பம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது, அதையும் போட்டோம். 7.5 விழுக்காட்டுப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அவள் வரிசைக்கு முன்பே இடங்கள் தீர்ந்தன. அரசுக் கல்லூரியில் செவிலியர் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள்.

தோழர் வந்தார். “பார்த்தீர்களா? சொன்னேனே!” என்றார்.

பார்த்தேன். பட்டியலில் அவளுக்கு மேலே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எட்டாத கனி என்று அவர்கள் காட்டியது கடல் கடந்த மலையுச்சியை. அவள் நின்றது வேலிக்கு அப்பால் சில அடி தொலைவில். அந்தச் சில அடியை அளக்கவாவது விண்ணப்பம் வேண்டியிருந்தது. ‘இடம் இல்லை’ என்று இப்போது சொல்லியிருப்பவர் அரசு. அதற்குக் காரணம் கேட்கலாம், 7.5-ஐ உயர்த்து என்று கேட்கலாம், ஆளைக் காட்டிக் கேட்கலாம். அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? தோழரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, படிவம் நிரப்பும் நாளில் தன் மடிக்கணினியை எடுத்து வருவதாகச் சொன்னார். வருவாரா என்று பார்க்க வேண்டும்.

சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் தாழ்வாரத்துக்கு வந்தனர். அந்த அக்கா எத்தனை மதிப்பெண் எடுத்தாள் என்று கேட்டனர். சொன்னேன். ஒருத்தி கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள். மற்றவள் தன் சாதிச் சான்றிதழை நீட்டி, “டீச்சர், இதிலும் ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கிறது, இப்போதே மாற்றிவிடலாமா?” என்றாள்.